சரிவில் மிதிக்க வேண்டியதில்லை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த முன்னறையில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடங்களும்: கைவைத்த ஒரே நாற்காலியில் அண்ணன், மடியில் அவருடைய தோல்பை, அதற்குள் பேனா, வெள்ளைத்தாள், கடித உறை, பசை எல்லாம் எந்நேரமும் தயாராக இருக்கும். அவருக்குப் பக்கத்தில் முக்காலியில் அண்ணி, கைப்பையை விடாமல் பிடித்துக்கொண்டு, எந்த நிமிஷமும் எழுந்து கிளம்பிவிடுகிற தோரணையில். ஜன்னலுக்குக் கீழே தரையில் மகன். கட்டில் விளிம்பில் மருமகள், அவள் தோளில் குழந்தை. அது தூங்கவும் இல்லை, முழுதாக விழித்திருக்கவும் இல்லை. எதிர்ச் சுவரில் நாலு பேர் உட்காரும் இடத்தை ஒரே ஆளாகப் பிடித்துக்கொண்டு சைக்கிள். சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில், எந்தப் பக்கமும் சேராமல், நிலைப்படியில் மடிப்பக்கா.

கூட்டத்தைக் கூட்டியவள் அவள்தான். வீட்டைக் கூட்டியதைத் தவிர அவள் வேறு எதையும் கூட்டியதாக அந்தக் குடும்பத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அதனால் அண்ணனும் அண்ணியும் ஏதோ பெரிய விஷயம் என்று நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதித் தைரியம் போய்விட்டது.

மடிப்பக்கா என்பது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வைத்த பெயர். சூடான உருளைக்குள் நுழைந்து மறுபக்கம் தகதகவென்று வெளியே வருகிற படுக்கை விரிப்புகளை ஒரு முனையில் அவள் பிடிப்பாள், மறுமுனையில் இன்னொருத்தி. இரண்டு பேரும் நெருங்கி, விலகி, நெருங்கி, நாலாக எட்டாக மடித்து அடுக்குவார்கள். மதியம் உள்ளே போனால் இரவு கடைசி வண்டித் துணி முடிந்த பிறகுதான் வெளியே. அதுவரை நீராவி. தலைமுடி ஈரம், கழுத்து ஈரம், மூக்குக் கண்ணாடியில் புகை. விரிப்புக்குள் சுருண்டுகொண்டு நோயாளியின் பல்செட் வரும், செருப்பு வரும், ஒருமுறை பாதி கடித்த ஆப்பிள் வந்தது. எல்லாவற்றுக்கும் மேற்பார்வையாளர் அம்மா கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஒரு பார்வை பார்ப்பார். பதில் சொல்ல வாய் வரும், ஆனால் நீராவியில் யார் வாயைத் திறப்பது.

இத்தனையும் முடிந்து பின்வாசல் கேட்டைத் தாண்டி, டைனமோவைக் காலால் ஒரு தட்டுத் தட்டிச் சக்கரத்தோடு சேர்த்துவிட்டு, சீட்டில் ஏறி உட்கார்ந்தால் அங்கே தொடங்கும் அவளுடைய நாள்.

முதலில் மேடு. அதில் கஷ்டம் இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னார்கள். மெதுவாக மிதித்தால் விளக்கு மங்கிப் புழு மாதிரி ஆகிவிடும்; வெளிச்சம் வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டும். ஆனால் மேட்டு உச்சியில் மூடிய மெக்கானிக் கடை ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் படுத்திருக்கும் மூன்று நாய்களும் டைனமோச் சத்தம் கேட்டதும் எழுந்து சோம்பல் முறித்துத் தயாராக நிற்கும். அங்கிருந்து பாலம் வரைக்கும் சரிவு. அந்தச் சரிவில் மிதிக்க வேண்டியதில்லை. காலைத் தூக்கி வைத்துக்கொண்டால் போதும். விளக்கு தானாகப் பெரிதாகித் தெருவையே அள்ளிக்கொண்டு முன்னால் ஓடும். நாய்கள் இரண்டு பக்கமும் காவலர் மாதிரி கூட ஓடி வரும். நாள் முழுக்கச் சொல்லாமல் விழுங்கிய பதில்களையெல்லாம் அந்தச் சரிவில் அவள் உரக்கச் சொல்லித் தீர்ப்பாள். மேற்பார்வையாளருக்கு ஒன்று, எதிர்முனையில் இழுக்கத் தெரியாமல் இழுக்கிறவளுக்கு ஒன்று, பல்செட்டின் சொந்தக்காரருக்கு ஒன்று. கேட்க நாய்களைத் தவிர ஆள் கிடையாது. கால்வாய்ப் பக்கம் பள்ளத்தில் இறங்கும்போது காற்று சட்டென்று குளிர்ந்து, யாரோ ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். பாலத்துக்கு வருவதற்குள் முடி காய்ந்திருக்கும். அங்கே ஒரு காலை ஊன்றி நின்று, கீழே போகும் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி வரை பார்ப்பாள். பிறகு ரொட்டி வேகிற வாசனை வரும் தெரு, மஞ்சள் விளக்கு மட்டும் அணைந்து அணைந்து எரியும் நாற்சந்தி, அங்கே சிவப்பும் இல்லை பச்சையும் இல்லை, அவள் வைத்ததுதான் சட்டம். பிறகு வீடு.

வீட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும்தான். தட்டினால் மருமகள் எழுந்து வந்து திறப்பாள். தோளில் குழந்தை, கண்ணில் தூக்கம், தலை கலைந்து, முகம் தொங்கி. அந்த முகத்துக்கு முன்னால் நின்று, "காத்துல மிதந்துட்டு வரேன், என்ன சுகம் தெரியுமா" என்று சொல்ல மனசாட்சி உள்ளவள் யாராலாவது முடியுமா? அதனால் மடிப்பக்கா சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டே, "அப்பா, உசிரு போச்சு. அந்த மேடு இருக்கே, மனுஷி ஏறுற மேடா அது" என்பாள். மருமகள் "பாவம் அத்தை" என்பாள். இன்னொரு நாள் நாய். இன்னொரு நாள் குளிர். அது வாசலில் கட்டுகிற வரி மாதிரி. அந்தக் குடும்பத்தில் யாரும் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்ததில்லை. அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருவார், அண்ணி தலைவலியோடு வருவாள், மகன் ஆபீஸை வைதுகொண்டே செருப்பைக் கழற்றுவான். சிரித்துக்கொண்டு வந்தால் என்ன மறைக்கிறாய் என்று கேட்பார்கள்.

இந்த வரியைத்தான் யாரோ ஒழுங்காகக் கணக்கில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

அண்ணன் ஓய்வு பெற்ற குமாஸ்தா. வேலை போனாலும் கை நிற்கவில்லை. தெருவிளக்குக்கு மனு, குழாய்க்கு மனு, அடுத்த வீட்டு மரக்கிளைக்கு மனு. மருமகள் போனில் "அத்தை ரொம்பக் கஷ்டப்படுறாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லப்போக, அவர் உட்கார்ந்து ஆஸ்பத்திரிச் சலவைக்கூட மேற்பார்வையாளருக்கு ஒரு கடிதம் எழுதி, நேரில் போய்க் கொடுத்தும் வந்துவிட்டார். தங்கைக்குத் தெரிந்தால் வேண்டாம் என்பாள், அவள் யாருக்கும் பாரமாக இருக்க விரும்பாதவள் என்று அவரே முடிவு செய்து மறைத்தும் விட்டார்.

ஒருநாள் மேற்பார்வையாளர் மடிப்பக்காவைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவளை உட்காரச் சொன்னது அதுவே முதல்முறை. ஏதோ வேலை போகப்போகிறது என்று நினைத்து அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மேற்பார்வையாளர் கடிதத்தை எடுத்து நடுங்கும் குரலில் வாசித்தார். 'இருள் சூழ்ந்த மேட்டில் மூச்சிரைக்க ஏறி, வெறிநாய்களின் துரத்தலுக்கு ஆளாகி, பனிக்காற்றில் நடுநடுங்கி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நள்ளிரவில் வீடு திரும்பும் ஓர் அபலையின் நிலை கல்நெஞ்சையும் கரைக்கும்.' கேட்கக் கேட்க மடிப்பக்காவுக்கே கண் கலங்கிவிட்டது. யார் பெற்ற பிள்ளையோ என்று பரிதாபப்பட்டாள். அந்த அபலை தான்தான் என்று அவளுக்கு உறைப்பதற்குள் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டு, வேன் அட்டையை அவள் கையில் திணித்துவிட்டார். அவளுக்காகவே வேன் போகிற வழியை மாற்றியிருப்பதாகவும் சொன்னார். வேண்டாம் என்று அவள் இழுத்ததற்கு, கூச்சப்படக் கூடாது, கஷ்டத்தைச் சொல்வதில் தப்பே இல்லை என்று தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அப்புறம் ஒரு வாரம் வேன்.

வேனில் ஆறு பேர். கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற தையல்காரி, பாய்லர்காரர், வார்டு ஆட்கள் மூன்று பேர், கடைசியாக மடிப்பக்கா. நாள் முழுக்க எந்தப் பேச்சைக் கேட்டுக் காது புளித்ததோ அதே பேச்சு வேனிலும் தொடர்ந்தது. யார் விடுப்பு எடுத்தார்கள், யாருடைய விடுப்பை யார் கெடுத்தார்கள். ஜன்னல் கண்ணாடி பாதியில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகாது, கீழேயும் வராது. பாய்லர்காரர் ஏறிய உடனே அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். எழுப்பினால் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த திருப்பத்தில் மறுபடி சாய்வார். அவளுக்காக மாற்றிய வழியில் ரயில்வே கேட் ஒன்று இருந்தது. வேன் போகும் நேரம் பார்த்து அது மூடியிருக்கும். எந்தச் சரக்கு ரயிலைப் பாலத்தின்மேல் நின்று ரசித்தாளோ, அதே ரயில் இப்போது அவர்கள் மூக்குக்கு முன்னால் ஊர்ந்து ஊர்ந்து போனது. தையல்காரி ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அந்தக் காலத்துல இந்நேரம் நான் சாப்பிட்டு முடிச்சிருப்பேன்" என்றாள் மூன்றாம் நாள்.

"எந்தக் காலத்துல?" என்று மடிப்பக்கா கேட்டாள்.

"போன வாரம்" என்றாள் தையல்காரி. "நீ வேன்ல வராத காலத்துல."

மேட்டு உச்சியைக் கடக்கும்போது நாய்கள் மூன்றும் எழுந்து நின்று, வேனைப் பார்த்து, ஏமாந்து, திரும்பவும் படுத்தன. சரிவில் வேன்காரர் கியரைக் குறைத்து, முனகிக்கொண்டு, நோயாளியைப் படியிறக்குகிற மாதிரி வண்டியை இறக்கினார். வீட்டில் இறங்கும்போது முன்னைவிட ரொம்பவே நேரமாகிவிட்டது. தலைமுடி அப்படியே ஈரமாக இருந்தது. சொல்லாமல் விழுங்கிய பதில்களும் அப்படியே தொண்டையில் நின்றன. கதவைத் திறந்த மருமகளிடம், "உசிரு போச்சு" என்றாள். வாழ்நாளில் முதல்முறையாக அதை உண்மையாகவே சொன்னாள்.

"வேன்லதானே அத்தை வந்தீங்க?" என்று மருமகள் கொட்டாவி விட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டாள். பாவம் என்ற வார்த்தைகூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி கண்ணாடி அறைக்குப் போய், வேன் வேண்டவே வேண்டாம் என்று சொன்னாள். மேற்பார்வையாளர் நம்பவில்லை. மற்றவர்கள் முணுமுணுப்பதற்காக விட்டுக்கொடுக்காதே என்று புத்தி சொன்னார். அவள் விடாமல் நிற்கவே, அப்படியானால் காரணம் எழுதி, திங்கட்கிழமை காலையில் தன் மேஜையில் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு வழித்தடம் ஒரு வருஷத்துக்கு உறுதியாகிவிடும் என்றார். கூடவே, உங்கள் அண்ணனிடமே எழுதி வாங்கி வாருங்கள், அவர் எழுத்தில் ஓர் உண்மை இருக்கிறது என்றும் சொன்னார். மடிப்பக்கா வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கதை நடந்திருந்தது. இனிமேல்தான் சைக்கிள் தேவையில்லையே என்று மருமகள் அந்தச் சுவரை அளந்து, குழந்தைக்குத் தொட்டில் கட்டில் ஒன்று தச்சரிடம் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை வந்து இறங்கும். அண்ணன் தன் பங்குக்குச் சைக்கிளை யாரோ தெரிந்தவருக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். எல்லோரும் சேர்ந்து அன்பால் அவளை நாலு பக்கமும் மடித்து, அலமாரியில் அடுக்கிவிட்டிருந்தார்கள்.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

"எனக்கு அந்த வேன் வேண்டாம்" என்று அவள் நிலைப்படியிலிருந்து சொன்னாள்.

அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பேனாவைத் திறந்தார். வேன்காரர் மரியாதைக் குறைவாகப் பேசினாரா என்று கேட்டார். இல்லை, நல்ல மனுஷர் என்றாள். இடநெருக்கடியா என்றார். இல்லை. புகை வருகிறதா, வேகமாக ஓட்டுகிறாரா, சீட்டு கிழிந்திருக்கிறதா? அவர் ஒவ்வொரு புகாராக நீட்ட, அவள் ஒவ்வொன்றாகத் தள்ள, கடைசியில் அவருக்கே சலித்துப்போய்ப் பேனாவை மூடினார்.

"அப்புறம் என்னதான் குறை?"

"குறை ஒண்ணும் இல்லண்ணே. எனக்குச் சைக்கிள்ல வர்றது பிடிச்சிருக்கு."

அவள் ஏதோ தகாததைச் சொல்லிவிட்ட மாதிரி அண்ணி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குழந்தைகூட ஏப்பத்தைப் பாதியில் நிறுத்தியது.

"பிடிச்சிருக்குன்னா?" என்றார் அண்ணன்.

"பிடிச்சிருக்குன்னா பிடிச்சிருக்கு. அதுக்கு மேல என்ன சொல்ல."

"மேடு?"

"மேடுன்னு ஒண்ணு இருந்தா அந்தப் பக்கம் சரிவுன்னு ஒண்ணு இருக்கும்ல. அதை நீங்க யாருமே கேட்கலையே."

பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள். முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் நிறுத்த முடியாமல். விளக்கு தானாகப் பெரிதாவதை, கால்வாய்ப் பள்ளத்தின் குளிரை, முடி காய்வதை, ரொட்டி வாசனையை. நாற்சந்தியில் யாரும் இல்லாதபோது ஒருமுறை சும்மாவே இரண்டு சுற்றுச் சுற்றியதையும் சொல்லிவிட்டாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு தோன்றியது.

"இந்த வயசுலயா?" என்றாள் அண்ணி.

"எந்த வயசுல சுத்தணும் அண்ணி?"

அண்ணி தன் தலைவலியைப் பற்றிச் சொன்னாள்.

எல்லோரையும்விட மருமகளுக்குத்தான் கோபம். இத்தனை நேரம் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தவள், தட்டுவதை நிறுத்தினாள்.

"அத்தை, நான் தினம் ராத்திரி எழுந்து உங்களுக்காகப் பாவப்பட்டேன். தூக்கக் கலக்கத்துல பாவப்பட்டேன். குழந்தைக்கு ஜுரம் வந்த அன்னிக்குக்கூடப் பாவப்பட்டேன். அதெல்லாம் இப்ப யார் திருப்பித் தருவா?"

மடிப்பக்காவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. "உன் மூஞ்சியைப் பார்த்துட்டு நான் எப்படிம்மா சந்தோஷமா இருக்கேன்னு சொல்றது?" என்றாள்.

"சொல்லியிருந்தா வீட்டுல ஒருத்தராவது சந்தோஷமா இருக்காங்கன்னு நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்ல."

இதற்குப் பதில் சரிவில் போகும்போது யோசித்தால் கிடைத்திருக்கும்.

மகன் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ நாய் துரத்தலையா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"கூட வரும். துரத்துற மாதிரிதான் இருக்கும், ஆனா கூட வரும்."

"அப்ப நான் பயந்தது?"

"நீ எதுக்குடா பயந்தே? நீதான் குறட்டை விட்டுத் தூங்கிட்டிருப்பியே."

அவன் தூங்கியதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தினமும் கண்ணை மூடிக்கொண்டு, சைக்கிள் ஸ்டாண்ட் தரையில் இடிக்கிற சத்தம் கேட்கும்வரை படுத்திருப்பான். அதற்கப்புறம்தான் அந்தக் குறட்டை. அம்மா வேனில் வந்தால் பயமில்லாமல் சீக்கிரம் தூங்கலாம் என்றுதான் மாமா மாதிரி பெரிய மனுஷத்தனமாக அந்த ஏற்பாட்டுக்குத் தலையாட்டியிருந்தான். ஆனால் இந்த வாரம் முழுக்க வேன் இன்னும் நேரம் கழித்து வந்தது, போதாததற்குத் தெருமுனையில் ஹாரன் வேறு. அவனுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

"கிளம்பும்போது ஒரு போன் பண்ணு, போதும்" என்றான்.

"பண்ணா நீ மணியைப் பார்த்துட்டே இருப்பே. பாலத்துல கொஞ்சம் நிக்க முடியாது."

"நிப்பியா வேற?"

"ரயில் போனா நிப்பேன்."

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். உயிரோடு இருந்தபோது அவன் அப்பாவும் எரிச்சல் வந்தால் அப்படித்தான் தேய்ப்பார். பிறகு, "சரி, ரயிலுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கறேன்" என்றான்.

தொட்டில் கட்டில் விவகாரம் மிச்சமிருந்தது. அதைச் சுவரில் மாட்டு, இதை மாடிப்படிக்குக் கீழே வை என்று ஆளுக்கொரு யோசனை. சைக்கிளைக் கொக்கியில் தொங்கவிட்டு அதற்குக் கீழே குழந்தையைப் போடலாம் என்று அண்ணன் சொன்னதற்கு மருமகள் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். கடைசியில் அவளே சொன்னாள்.

"அத்தை ரூம்லயே, கட்டில் பக்கத்துல நிறுத்திக்கட்டும். மாமா படுத்த பக்கம் சும்மாத்தானே கிடக்கு."

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்க் குத்தும் என்று அவளுக்கு உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். மகன் நிமிர்ந்தான். அண்ணி கைப்பையோடு பாதி எழுந்தேவிட்டாள். மடிப்பக்காதான் முதலில் சிரித்தாள். "சைக்கிள் குறட்டை விடாது" என்றாள். அதற்குப் பிறகு மற்றவர்களும் சிரிக்கலாம் என்றாகிவிட்டது.

இப்போது கடிதம். அங்கேதான் அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார்.

"நான் பொய் எழுதிட்டேன்னு ஆகாதா? அந்த அம்மா என்ன நினைப்பாங்க? உன் அண்ணி அதை எத்தனை பேருக்கு வாசிச்சுக் காட்டியிருக்கா தெரியுமா?"

வேனில் வந்தால் மயக்கம் வருகிறது என்று எழுதிவிடலாம், கௌரவமாக இருக்கும் என்றார். மயக்கம் என்று எழுதினால் பிடித்து வார்டில் படுக்க வைத்துவிடுவார்கள், அப்புறம் என் விரிப்பை நானே மடிக்க வேண்டியிருக்கும் என்றாள் அவள். உடற்பயிற்சிக்கு மருத்துவர் சொன்னார் என்று எழுதலாமா? எந்த மருத்துவர் என்று கேட்பார்கள், அங்கே மருத்துவர்களுக்கா பஞ்சம். குடும்பச் சூழ்நிலை காரணமாக? அப்படி எழுதினால் அந்த அம்மா அடுத்த வாரம் ஆறுதல் சொல்ல வீட்டுக்கே வந்துவிடுவார்.

"பிடிச்சிருக்குன்னு எழுதுங்கண்ணே."

"ஆபீஸ் கடிதத்துல பிடிச்சிருக்குன்னு எழுதுறதா? நான் வேலை பார்த்த காலம் முழுக்க அந்த வார்த்தையை ஒரு ஃபைல்லயும் பார்த்ததில்ல."

"இதுல பாருங்க."

அவர் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஜன்னலையே பார்த்தார். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்ற ஆசையும், ஏற்கெனவே எழுதியது கெட்டுவிடக் கூடாது என்ற கவலையும் அவர் முகத்தில் மல்லுக்கு நின்றன. பிறகு எழுதத் தொடங்கினார். ஒரு தாள் கிழிந்தது, இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவதை எழுதி முடித்துத் தொண்டையைக் கனைத்து வாசித்தார்.

'ஐயா அல்லது அம்மா, பொருள்: வேன் இருக்கை வேண்டாமெனத் தெரிவித்தல். எனது முந்தைய கடிதத்தில் குறிப்பிட்ட மேடு உண்மை. நாய்களும் உண்மை; எனினும் அவை வெறிநாய்கள் அல்ல என இப்போது அறிகிறேன். மேற்படி மேட்டுக்கு அப்பால் மேற்படி அளவுக்கே ஒரு சரிவும் உள்ளது. அது முந்தைய கடிதத்தில் விடுபட்டுவிட்டது. என் தங்கைக்கு இரவில் சைக்கிளில் வீடு திரும்புவது பிடித்திருக்கிறது. ஆகவே அவருக்காக மாற்றிய வழியைப் பழையபடி மாற்றித் தையல்காரர் முதலானோரை நேரத்தில் வீடு சேர்க்குமாறு வேண்டுகிறேன்.'

"அபலைன்னு இல்லையே" என்றாள் அண்ணி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

மடிப்பக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தாள். பிடித்திருக்கிறது என்ற அந்த வார்த்தையை அண்ணன் கையெழுத்தில் பார்க்கும்போது, யாரோ முத்திரை குத்திக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. அவர் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டாள். அண்ணன் தாளை மூன்றாக மடித்தார். கோணல். அவள் வாங்கிப் பிரித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, நகத்தால் நீவி, திரும்ப மடித்துக் கொடுத்தாள். அவர் உறைக்குள் வைத்துப் பசை தடவிக் கட்டைவிரலால் அழுத்தினார். குழந்தை கையை நீட்டியது. மருமகள் உறையை அதற்கு எட்டாத உயரத்துக்கு வாங்கி, ஊதிக் காயவைத்து, அத்தையிடம் கொடுத்தாள்.

"நாளைக்குக் கொண்டு போயேன்" என்றான் மகன்.

அவள் வேலை மதியம்தான் தொடங்கும், கடிதமோ காலையிலேயே மேஜையில் இருந்தாக வேண்டும். பின்வாசல் கேட்டில் மேற்பார்வையாளருக்கென்று ஒரு தபால்பெட்டி இருக்கிறது. இன்றே போட்டால்தான் ஆயிற்று. அவள் சைக்கிளைச் சுவரிலிருந்து பிரித்தாள். ஒரு வாரமாக அசையாமல் நின்றதில் டயர் கொஞ்சம் இறங்கியிருந்தது. மகன் முனகிக்கொண்டே எழுந்து காற்றடித்தான்.

"இருட்டப்போற நேரத்துல அவ்வளவு தூரம் மிதிச்சிட்டு வரணும்னு என் தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டே அவள் வாசலைத் தாண்டினாள்.

திரும்பிப் பார்த்தாள். ஐந்து பேரும், குழந்தை உட்பட, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பழக்கம்" என்றாள்.

"பாவம் அத்தை" என்றாள் மருமகள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தச் சரிவுதான் மேடு. பாலம் தாண்டியதும் ஆரம்பித்து மெக்கானிக் கடை வரை ஏற வேண்டும். பாதியிலேயே மூச்சு வாங்கியது, விளக்கு மங்கியது, எதிர்க்காற்று கண்ணில் தண்ணீர் வரவைத்தது. அண்ணன் முதல் கடிதத்தில் எழுதியது அத்தனையும் உண்மைதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். உச்சியில் நாய்கள் மூன்றும் தலையைத் தூக்கிப் பார்த்தன. அவள் தப்பான திசையில் போவதைக் கண்டு குழம்பின. ஒன்று மட்டும் எழுந்து, திரும்பி வருவாள் என்று தெரிந்த மாதிரி, தெரு நடுவில் உட்கார்ந்துகொண்டது.

பின்வாசல் கேட்டுக்கு வந்து ஒரு காலை ஊன்றினாள். அண்ணன் எதையும் மெல்லிய தாளில் எழுதுகிறவர் இல்லை. உறை பெட்டியின் வாயில் பாதியில் சிக்கிக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகும் இந்த மனுஷர் என்னை நிம்மதியாக விடமாட்டார் என்று முணுமுணுத்து, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். கடிதம் உள்ளே விழுந்தது.